முடிஞ்சுது என்று சொல்பவள்

12 ஜூலை 1938, செவ்வாய்

"உலகம்மாள மட்டும் விட்டுட்டுப் போங்க" என்று தலைமையாசிரியை சொக்கம்மாள் சொன்னபோது, 'அவள் வராவிட்டால் நானும் போகவில்லை' என்று நான் சொல்லவில்லை. மேசையிலிருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை குற்றாலத்தில் எங்கள் சாரணியர் அணியைச் சோதிக்க மதுரையிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார். பதினான்கு பெண்கள். சந்தனமாரிக்குக் காது மந்தம். உலகம்மாளுக்கு வயது பதினொன்று. நான்குக்கு மேல் எண்கள் மனத்தில் நிற்பதில்லை.

"அந்தம்மா முன்னால இவ முழிச்சான்னா அணியவே கலைச்சிருவாங்க. பொறவு யாருக்கும் இல்ல."

அதில் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

13 ஜூலை

நேற்று சொல்லாததைத் தலைமையாசிரியையிடம் இன்று சொல்லிவிட்டேன். "அப்ப உங்க பொறுப்பு" என்றார். படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.

15 ஜூலை

எண்ணிக்கைப் பயிற்சி. வரிசையில் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். சந்தனமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் மூக்கம்மாள் "எட்டு, ஒம்பது" என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். உலகம்மாள் கடைசி. அவளுக்கு எண் வேண்டாம். வரிசையைப் பார்த்து "முடிஞ்சுது" என்றால் போதும். இரண்டும் என் ஏற்பாடு. கொஞ்சம் கர்வம்கூட.

"எல்லாரும் இருந்தாத்தான சொல்லணும், டீச்சர்?" என்று மூன்று தடவை கேட்டாள்.

"ஆமாட்டி."

16 ஜூலை, சனி

 

ஆற்றங்கரையில் சமைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் கலங்கி, சருகு அடித்து வந்தது. கரையில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் மூசா, "மலையில மழை, பிள்ளைகளக் கரையேத்துங்க" என்று கத்தினார்.

மேலேறி விசில் ஊதினேன். எண்ணிக்கை பிசகாமல் வந்தது. எட்டு, ஒன்பது... பதின்மூன்று. பிறகு — ஒன்றுமில்லை. உலகம்மாள் வாயே திறக்கவில்லை.

மதுரை அம்மாள் தன் தாளில் ஏதோ எழுதினார்.

"சொல்லேன்ட்டி. மானத்த வாங்காத."

நான்தான் சொன்னேன் அதை. தோளைப் பிடித்து உலுக்கவும் செய்தேன். அவள் அழுதுகொண்டே வரிசையின் நடுவைக் காட்டினாள்.

"சந்தனமாரியக் காணும் டீச்சர்."

மூக்கம்மாள் அப்போதுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. பழக்கத்தில் இரண்டு எண்ணையும் சொல்லியிருக்கிறாள். நான் பழக்கிய பழக்கம்.

ஆற்றுக்குள் பாறை மேல், எங்களுக்கு முதுகைக் காட்டி, சந்தனமாரி பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். விசில் அவளுக்கு எப்படிக் கேட்கும்? சுற்றிலும் தண்ணீர் ஏறிவிட்டது. மூசா இறங்கித் தூக்கி வந்தார். பானை போய்விட்டது.

திரும்பும் வண்டியில் உலகம்மாள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அந்தத் தோளைத் தடவிக்கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

28 ஜூலை

மதுரைக் கடிதம். அணி தொடரலாம். உலகம்மாள் எண்ணிக்கையில் பதில் சொல்லாததால் தேறவில்லை, சின்னம் கிடையாது. நடந்ததை நான் நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சொக்கம்மாள் கடிதத்தை மடித்து வைத்தார். "சின்னந்தான இல்ல. பிள்ள வரட்டும்."

30 ஜூலை, சனி

உலகம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "எதுக்கு டீச்சர்?" என்றாள்.

சாரலிலேயே எண்ணிக்கை எடுத்தோம். மூக்கம்மாள் தோளைத் தொட, சந்தனமாரி தன் எண்ணைத் தானே சொன்னாள். பதின்மூன்று ஆனதும் உலகம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நனைந்துகொண்டே நின்றோம். அவள் "முடிஞ்சுது" என்ற பிறகுதான் கலைந்தோம்.