நர்சம்மாவின் கைபேசி மணி

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்ததும் சூடாக்கிக்கொள். சாவி மீட்டர் பெட்டிக்குள்.

நான் நகராட்சி அலுவலக வாசலுக்குப் போகிறேன். என் கால் புண்ணுக்குக் கட்டுப் போட நகராட்சி அனுப்புகிற நர்சம்மாவை, இன்றைய கூட்டத்தில் ஒரு கம்பெனியிடம் தூக்கிக் கொடுக்கப்போகிறார்கள். சோதனை ஓட்டம் என்று கம்பெனி இப்போதே அவர் கையில் ஒரு கைபேசியைத் திணித்திருக்கிறது. அது கத்தினால் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

முன்பெல்லாம் கட்டுப் போட்டு முடிப்பதற்குள், நான் முதலைக்குக் குடைக்கம்பியால் பல் குத்திவிட்ட கதை முழுசாக ஓடும். நேற்று முதலை வாயைத் திறந்ததுமே மணி அடித்துவிட்டது. "மீதிய நாளைக்குச் சொல்லுங்கய்யா" என்று பையை எடுத்தார். முகம் வாடிப்போயிருந்தது. முதலை மேல் அவ்வளவு பாசம்.

"கதை கேக்கவாப்பா அவங்களுக்குச் சம்பளம்?" என்று ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது கத்தினாய். நியாயம்தான். ஆனால் நீ வீட்டுக்கு வருவது தூங்க. அவர் போய்விட்டால் இங்கே பேச்சுத்துணை ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் கரண்ட் இருந்தால்.

அப்பா

பி.கு: பதாகைக்காக உன் படுக்கை விரிப்பைக் கிழித்துவிட்டேன். மறுமுனையைப் பிடிப்பதாகச் சொன்ன மாடி வீட்டுக்காரருக்குக் காலையில் திடீர் ஜலதோஷம். அந்த முனையை விளக்குக் கம்பத்தில் கட்டப்போகிறேன். கம்பம் நல்ல ஆள்தான், கோஷம் மட்டும் போடாது.

கூட்டம் சாயங்காலம்தான். தூங்கி எழுந்தே வா. நீ வந்ததும் கம்பத்தை அனுப்பிவிடுகிறேன்.