இஸ்திரிக் கடை வழக்கின் வாதி உயிரோடுதான் இருக்கிறார்

அனுப்புநர்:
இஸ்திரிக் கடை வழக்கின் வாதி,
மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடி அறை.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
குடும்ப நீதிமன்றம்.

பொருள்: என் பழைய வழக்கின் தீர்ப்பை என் மருமகளுக்கு எதிராக எடுத்துக்காட்டுவது பற்றிய முறையீடும், என்னைச் சாட்சியாக அழைக்குமாறு கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பூட்டு மாற்றப்பட்ட வீட்டுக்குள் தன்னைத் திரும்ப அனுமதிக்கக் கோரி, என் மருமகள் தன் கணவர் மீது, அதாவது என் மகன் மீது, தொடுத்த வழக்கு தங்கள் நீதிமன்றத்தில் நடந்து வருகிறது. மருமகளுக்காக மாமியார் மனு எழுதுவது தங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

2. சென்ற வாய்தாவில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் மகனின் வழக்கறிஞர் எழுந்து, உறவின் பேரில் ஒரு வீட்டில் தங்கியிருந்த பெண் தானே மனமுவந்து சாவியை ஒப்படைத்துவிட்டால் பிறகு உள்ளே வர உரிமை கோர முடியாது என்று உயர் நீதிமன்றம் இஸ்திரிக் கடை வழக்கில் தீர்ப்பளித்துள்ளது, அது இந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்று வாதிட்டார். “அந்தப் பெண்மணி, அந்தப் பெண்மணி” என்று மிகுந்த மரியாதையோடுதான் குறிப்பிட்டார். அந்தப் பெண்மணி நான்தான். பதறி எழுந்தேன். “உக்காருங்கம்மா, கேஸ் நடக்குதுல்ல” என்றார் நீதிமன்ற ஊழியர். நடப்பதே என் கேஸ்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

3. அந்த வழக்கின் கதை இது. கணவர் இறந்த பிறகு, அவருடைய அண்ணன் வீட்டு முன்பகுதியில் இஸ்திரிக் கடை போட்டு, பின்னறையில் கைக்குழந்தையோடு இருந்தேன். ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போது சாவியை ஓரகத்தி கையில் திணித்து, துணி கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நம் வீட்டில் எது நடந்தாலும் பிறத்தியார் துணியைப் பூட்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். குழந்தையைப் பிழைக்க வைத்துத் திரும்பி வந்தபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது.

4. வழக்குப் போட்டேன். சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், சாவியை உங்கள் கையால் கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். யாராவது பிடுங்கினார்களா என்றார். இல்லை என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். என் வழக்கறிஞர் எழுந்திருக்கவே இல்லை. ஏன் கொடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மேல்முறையீட்டில், பதிவான சாட்சியத்தை வைத்துத்தான் பார்க்க முடியும் என்றார்கள். “மனமுவந்து” என்ற சொல் அப்படித்தான் அச்சேறியது. குழந்தையின் காய்ச்சல் அச்சேறவில்லை.

5. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மேல் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை அதே மாதிரி வழக்குகளில் கீழ் நீதிமன்றம் பின்பற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதிக்கு நீதிபதி நியாயம் மாறும் என்று இலவச சட்ட உதவி வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். சரியான ஏற்பாடுதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஆகிவிடக் கூடாதல்லவா. ஆனால் இரண்டு வழக்கும் ஒன்றல்ல என்று காட்டினால் அந்தத் தீர்ப்பு இங்கே பொருந்தாது என்றும் அவர் சொன்னார். அதைக் காட்டத்தான் ஆள் வேண்டும்.

6. இந்த முறை நடந்தது எனக்குத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருமகள் என்னைத் தூக்கி டாக்சியில் படுக்க வைத்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “அடுப்ப அணைச்சிட்டு, வீட்டப் பூட்டிட்டு, பின்னாலயே வாங்க” என்று சொல்லித்தான் சாவியை என் மகனிடம் கொடுத்தாள். வலியில் முனகிக்கொண்டே என் காதால் கேட்டேன்; அதற்கு வேறு சாட்சி இல்லை. அவன் தலையை ஆட்டினான். பின்னால் வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை எட்டிப் பார்க்கவும் இல்லை. வீடு திரும்பியபோது பூட்டு மாறியிருந்தது. மருமகளின் துணிமணி மூட்டையாகக் காவலாளியிடம் இருந்தது. அவர்களுக்குள் முன்பே மனக்கசப்பு உண்டு. அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. தாயை மட்டும் ஏற்கத் தயார் என்று பதில் மனுவில் எழுதியிருக்கிறான். நான் போகவில்லை. இவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் மாடியில் இவளோடு இருக்கிறேன்.

7. சாட்சிகளை அந்தந்தத் தரப்பினர்தான் கொண்டுவர வேண்டுமாம், நீதிபதி தேடிப் போகமாட்டாராம். மகன் என்னை அழைக்கப் போவதில்லை. மருமகளோ, “பெத்தவங்களக் கூண்டுல ஏத்தி, பெத்த பிள்ளைக்கு எதிரா பேச வைக்கிற பாவம் எனக்கு வேண்டாம் அத்தை. வீடு போனா போகட்டும்” என்று மறுத்துவிட்டாள். அவள் அப்படிச் சொன்ன அன்று நான் அழுதேன். தேவை என்று கருதினால் நீதிமன்றமே ஒருவரைச் சாட்சியாக அழைக்கலாம் என்று வழக்கறிஞர் அம்மா சொன்னதால்தான் தங்களை அணுகுகிறேன்.

8. ஆகவே, தீர்ப்புக்கு முன் என்னை அழைத்து விசாரிக்கும்படி இம்மனுவை நீதிபதி அவர்களின் பார்வைக்கு வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் பழைய வழக்கைத் திறக்கச் சொல்லவில்லை. அது முடிந்தது. சாவியை ஏன் கொடுத்தாள் என்ற கேள்வியை மட்டும் இந்த முறை யாராவது கேட்கட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்யட்டும். எதிர்வாதி உனக்கு யார் என்று கேட்டால், என் மகன் என்று சத்தியம் செய்தே சொல்வேன்.

இடம்: கண்ணாடிக் கடை மாடி
நாள்: அடுத்த வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பு

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இஸ்திரிக் கடை வழக்கின் வாதி

நகல்: எதிர்வாதியான என் மகனுக்கு. அன்று என் தோளில் நினைவில்லாமல் கிடந்த குழந்தை அவன்தான். உன்னால்தான் வீடு போயிற்று என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை காலமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். நாலு பேர் முன்னிலையில் முதன்முதலாகக் கேட்டு அவன் தலைகுனிய வேண்டாம்.