இருளாயி என் வீட்டில் குடியிருக்கவில்லை

அனுப்புநர்:
ச. உடையப்பன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சிலிபின், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
உயர்திரு மறுபரிசீலனைப் பிரிவு அதிகாரி அவர்கள்,
முதியோர் உதவித்தொகை அலுவலகம்.

பொருள்: என் ஓய்வூதியத்தைக் குடும்ப வருமானமாகக் கணக்கிட்டதால் உதவித்தொகையை இழந்த திருமதி இருளாயி (வயது 81) அவர்களின் பதிவைத் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் மலாய்ப் படியை இதனுடன் இணைத்துள்ளேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. தம் காதால் கேட்காத எந்தத் தாளிலும் இருளாயி கைநாட்டு வைப்பதில்லை. இதைப் புகார் மனு என்று கொண்டால், புகார் பெரும்பாலும் என் மீதுதான். தங்கள் அலுவலகம் கூட்டிய கணக்கில் பிழையில்லை. கூட்டக் கூடாத எண் ஒன்று அதில் சேர்ந்துவிட்டது. அதைச் சேர்த்துக் கொடுத்தவன் நான்.

1. நான் 1971ஆம் ஆண்டு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். அக்காலத்தில் தோட்டத்திற்கு வரும் கடிதங்கள் வீடு வீடாகப் போவதில்லை. மதியம் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டத்து எழுத்தரான கிராணியார் மேசை மேல் ஏறி நின்று பெயர்களைக் கூவுவார். கடிதம் வந்தவர் முகம் ஒரு மாதிரி, வராதவர் முகம் ஒரு மாதிரி. எழுத்தறியாதவர்கள் கடிதத்தோடு நேரே பக்கத்திலிருந்த பள்ளியின் சன்னலுக்கு வந்துவிடுவார்கள். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நிறுத்திவிட்டு நான் படித்துச் சொல்வேன். இருளாயிக்கு அப்போது இருபத்தேழு வயது. அவர் மட்டும் கடிதத்தைக் கையால் தொடமாட்டார். கிராணியாரையே என் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு வந்து நிற்பார். “கையெல்லாம் பாலு வாத்தியாரே, ஒட்டிக்கும். நீங்களே புடிச்சிப் படிங்க” என்பார். அவர் பால்மரம் வெட்டுவதை நிறுத்தி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் நான் கடிதம் படிக்கும்போது இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால்தான் கட்டிக்கொள்கிறார்.

2. 1996இல் தோட்டம் விற்கப்பட்டது. மக்கள் ஆயர் தாவார், சிம்பாங் பூலாய் எனத் திசைக்கொருவராகப் பிரிந்தனர். நான் சிலிபினுக்கு வந்தேன். கணவரை இழந்த, பிள்ளைகளும் இல்லாத இருளாயி நான்கு முறை வாடகை அறை மாறினார். எந்த அறைக்கும் தபால்பெட்டி இல்லை. ஆகவே எல்லாத் தாள்களிலும் என் முகவரியையே கொடுத்தார். அவரைப் போல இன்னும் ஐவர் கொடுத்தனர். கடிதம் வந்தால் சொல்லியனுப்புவேன். செவ்வாய்க்கிழமை பேருந்தில் வருவார்கள். என் மனைவி மங்களம் சமைத்து வைப்பார். கடிதம் இல்லாத செவ்வாய்களிலும் இருளாயி வந்துவிடுவார். பழைய சன்னல்தான், இடம்தான் மாறியது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

3. இவ்வாண்டு சனவரியில் தங்கள் கடிதம் வந்தது. மறுபரிசீலனைக்காக 18.2.2025 காலை பத்து மணிக்கு அதிகாரி ஒருவர் “மேற்கண்ட முகவரிக்கு” வருவார் என்றிருந்தது. படித்துச் சொன்னேன். அன்றே அலுவலகத்தை அழைத்து, அவர் வசிப்பது வேறிடம் என்று நான் தெரிவித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

4. குறித்த நாளில் இருளாயி முதல் பேருந்திலேயே வந்து, கல்யாணங்களுக்கு உடுத்தும் நீலச் சேலையில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று கேட்டதற்கு, “தொர வாரப்ப ஆளு மரத்துல இல்லன்னா பேரை வெட்டிருவாங்கல்ல” என்று தோட்டத்து நினைப்பிலேயே சொன்னார். அதிகாரி செல்வி ஷர்மினி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, மிகுந்த மரியாதையோடு பேசினார். மங்களத்துக்கு முழங்கால் வலி என்பதால் இருளாயியே அடுப்படிக்குப் போய், எந்த டப்பாவில் சீனி என்று யாரையும் கேட்காமல், தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். இதைப் பார்ப்பவர் வேறு என்ன எழுதுவார்? “பதிவுல உள்ள முகவரி இதுதானே சார்?” என்று அதிகாரி என்னைக் கேட்டார். “ஆமாம்” என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொன்னவன், அன்று நானும் அப்படியே விடை சொன்னேன்.

5. ஏப்ரலில் வந்த கடிதத்தையும் நான்தான் படித்தேன். குடும்ப வருமானம் வரம்பை மீறுவதால் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்றிருந்தது. அந்தக் குடும்ப வருமானம் என் ஓய்வூதியம். மூன்றாவது வரியிலேயே இருளாயி, “போதும் வாத்தியாரே, மடிச்சி வைங்க” என்றார். மங்களம் சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “வேணாம் மங்களம். இன்னிக்குத் தின்னா அதையும் எழுதிருவாங்க” என்று சிரித்தார். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் அவர் வரவில்லை.

6. மே மாதம் நானே சிம்பாங் பூலாய்க்குப் போனேன். ஒரு பலகை வீட்டின் பின்னறையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார். அறை வாடகை இந்த உதவித்தொகையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. இப்போது வீட்டுக்காரர் இம்மாத இறுதிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பக்கத்து உணவகத்தில் வெங்காயம் உரித்துக் கொடுத்து இருவேளை சாப்பிடுகிறார். உணவக உரிமையாளர் திரு. ரஹ்மத், இருளாயி அங்குதான் வசிக்கிறார் என்று கையொப்பமிட்டுத் தந்த கடிதம் இணைப்பில் உள்ளது.

7. எங்களோடு வந்துவிடுங்கள் என்று நானும் மங்களமும் அழைத்தோம். நடு அறையைத் துடைத்துக் கட்டிலும் போட்டாயிற்று. இருளாயி மறுத்துவிட்டார். “நான் வந்துட்டேன்னா அந்தக் காயிதம் சொன்னது நெசமாயிரும் வாத்தியாரே. விருந்தாளியா வந்தவ நான். அப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றார். வகுப்பேட்டில் ஒரே பெஞ்சில் உட்காரும் ஆறு பிள்ளைகளை எந்த ஆசிரியரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எழுதுவதில்லை. ஒரே தபால்பெட்டியில் பெயர் உள்ளவர்களும் அப்படித்தான்.

ஆகவே தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவன:

அ. இருளாயியின் முகவரியைச் சிம்பாங் பூலாய்க்கு மாற்றி, அதிகாரி ஒருவரை இம்மாதம் முடியுமுன் அந்த அறைக்கே அனுப்பி, உதவித்தொகையை மீண்டும் வழங்க ஆவன செய்ய வேண்டும். நாள் குறித்து முன்கூட்டிக் கடிதம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நீலச் சேலை உடுத்திக்கொள்வார். அறையை உள்ளபடி பார்க்க வேண்டும்.

ஆ. என் முகவரியைக் கொடுத்துள்ள மற்ற ஐவரும் உண்மையில் வசிக்கும் இடங்களை இணைப்பில் தந்துள்ளேன். அவர்களது மறுபரிசீலனை வருமுன் பதிவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இ. செல்வி ஷர்மினி மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். இம்மனுவைப் படித்துக் காட்டியபோது இருளாயி இங்கே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: “டீ நல்லா இருந்திச்சான்னு அந்தப் புள்ளைய கேளுங்க.”

சென்ற வாரம் ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, பச்சைச் சாயம் பூசி, இருளாயி என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் அறைப் பலகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தேன். எண்பத்தோரு வயதில் அவருக்குக் கிடைத்த முதல் தபால்பெட்டி. காலையும் மாலையும் திறந்து பார்க்கிறாராம். இதுவரை எதுவும் வரவில்லை. அதில் விழும் முதல் கடிதம், உதவித்தொகையை மீண்டும் வழங்கும் தங்கள் கடிதமாக இருக்கட்டும். வந்தால் சொல்லியனுப்புவார். இனி நான்தான் பேருந்து ஏறிப் போய், என் கையில் பிடித்து, அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை எதிர்பார்த்து,

தங்கள் பணிவுள்ள,
ச. உடையப்பன்

முழுவதும் படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டேன்:
இருளாயி (இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: சிம்பாங் பூலாய்
நாள்: 10.6.2025, செவ்வாய்க்கிழமை