ஆறுக்குட்டி மேஸ்திரி லைன் எங்கே?

குன்னூர், 6 அக்டோபர் 1924
பெண் பார்த்தாயிற்று. பாலாமணிக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம்! அவள் அம்மா இசக்கியம்மாதான் முட்டுக்கட்டை. “எங்கண்ணன் காளிமுத்து வந்து நிக்காம எம்மவ கழுத்துல தாலி ஏறாதுங்க மாப்பிள்ளை.” தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் ஏது, நியாயம்தான். ஆனால் அவர் காப்பித்தோட்ட வேலைக்கு, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் ஆறுக்குட்டி மேஸ்திரியோடு மலையேறியவர். பிறகு தகவலே இல்லை. தோட்டம் தெரியாமல் மேஸ்திரி பெயருக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பிவிட்டதாம். நான் தபாலாபீஸ் குமாஸ்தா, கண்டுபிடித்துத் தருவேன் என்றுதான் பெண் கொடுக்கிறாரோ?

9 அக்டோபர்
ஆபீஸ் பரணில் பழைய பட்டுவாடாப் புத்தகங்கள். தும்மித் தும்மி மூக்கு கழன்றுவிட்டது. ஆனால் கிடைத்தது! கோத்தகிரிப் பக்கம், கரடிப்பாறைத் தோட்டம், ஆறுக்குட்டி மேஸ்திரி லைன் — அவர் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கீழே காளிமுத்து, செல்லக்கண்ணு, மூக்கம்மா… எல்லாவற்றின் மேலும் ஒரு சிவப்புக் கோடு.

12 அக்டோபர், ஞாயிறு
கரடிப்பாறையில் உண்ணிச்செடியும் இடிந்த சுவரும்தான். அட்டைகள் மட்டும் உபசாரத்தில் குறை வைக்கவில்லை. இசக்கியம்மாவிடம் என்ன சொல்வேன்?

3 நவம்பர்
என்னைப் போல மடையன் உண்டா! பரணில் கிடந்த சேரம்பாடித் தோட்டப் புத்தகத்திலும் அதே லைன் பெயர் இருந்தது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று போன வாரம் தள்ளிவிட்டேன். இன்று கீழே படித்தால் — காளிமுத்து, செல்லக்கண்ணு, மூக்கம்மா, சிவப்புக் கோடே இல்லாமல்! மேஸ்திரி எந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாலும் அவர் பெயர்தான் அவர்களுக்கு ஊர்ப்பெயர். நான் பழைய இடத்தைப் போய்த் தேடியிருக்கிறேன்.

9 நவம்பர்
சேரம்பாடி. கூடலூர் வரை மோட்டார், அப்புறம் நடை. மேஸ்திரி செத்துப் பல வருஷம். லைன் இன்னும் அவர் பெயரில்தான். காளிமுத்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “தங்கச்சி கடுதாசி ஒண்ணுகூட வரலீங்களே!” எப்படி வரும்? தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தாலும் தபால்காரர் எஸ்டேட் ஆபீஸோடு திரும்பிவிடுகிறார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். காளிமுத்துவின் மகன் சுடலைமணி. வாட்டசாட்டம். கல்யாணம் ஆகவில்லை. பாலாமணி அவனுக்கு அத்தை மகள்! முறை மாப்பிள்ளையை நானே மெனக்கெட்டுத் தேடிப் பிடித்திருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

11 நவம்பர்
இசக்கியம்மா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பிறகு — “அண்ணன் மவன் பொண்ணு கேட்டா எப்படிங்க இல்லேம்பேன்?” சோறு இறங்கவில்லை.

12 நவம்பர்
பாலாமணி வாசலில் வழிமறித்து, “அட்டைக்கடி பட்டது நீங்களா, அவருங்களா?” என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

29 ஜனவரி 1925
தாலி கட்டியாயிற்று!! மொத்த லைனும் வந்திறங்கியது. முறை மாப்பிள்ளைக்கு வேட்டியும் வெற்றிலையும் வைத்துச் சம்மதம் கேட்கிற வழக்கம். தட்டை நீட்டினேன். சுடலைமணி வேட்டியைத் தள்ளிவிட்டான். “வேட்டி எதுக்குங்கண்ணா? எங்க லைனுக்குத் தபால்காரர் வந்து போகோணும். அதைச் செஞ்சு குடுங்க, போதும்.” காளிமுத்து மாமா சிரித்தபடி தாலியை எடுத்துக் கொடுத்தார்.

2 பிப்ரவரி
மனு எழுதிப் போட்டேன். போஸ்ட்மாஸ்டர் முறைத்தார். முறைக்கட்டும்.

18 ஏப்ரல்
உத்தரவு வந்துவிட்டது! வாரம் ஒருமுறை லைனுக்கே பட்டுவாடா. முதல் கடிதம் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “அண்ணனுக்குத் தங்கச்சி எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். பாலாமணி முழுகாம இருக்கா —”

பேனா நின்றுவிட்டது. திரும்பினால் அடுப்படியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

“எழுதுங்க மாப்பிள்ளை,” என்கிறார் அத்தை. “தபால் போயிருமுங்க.”