நான் காட்டாத ஆள்

என் கணவருக்கு,

சந்தைக்குக் கம்பளி விற்கப் போன நீங்கள் டெம்ப்ளர் துறவி வீரர் சபையில் சேர்ந்துவிட்டதாக ஊரில் சொன்னார்கள். நம்பாமல்தான் நேற்று அந்தச் சபை மடத்துக்கு வந்தேன். நீங்கள் விட்டுப்போன குளிர்காலக் காலுறையும் கையில் இருந்தது.

சபைத் தலைவர் நல்ல மனிதர். உங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்.

“சேரும்போதே பொண்டாட்டி இருக்காளான்னு கேப்போம்மா. எவனாவது இல்லைன்னு பொய் சொல்லியிருந்தா, அங்கியை உருவி உங்க கையிலயே பிடிச்சுக் குடுத்துருவோம். அதான் எங்க சட்டம். உங்க ஆளு யாரு, காட்டுங்க.”

கறுப்பு அங்கியில் நீங்கள் நின்றீர்கள். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள்.

“இதுல யாரும் இல்லீங்க” என்றேன். “இந்தக் காலுறையைக் குளிர்ல நடுங்குற யாருக்காச்சும் குடுங்க.”

உடனே உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டில் பெரின், “அப்பா அங்க இருந்தாராம்மா?” என்று கேட்டாள்.

“இல்லடி.”

பயப்பட வேண்டாம், இனி வரமாட்டேன். உங்கள் பொய்யை நான் மெய்யாக்கிவிட்டேன். திங்கட்கிழமை நம் ஊர்க் கோவிலில் உங்களுக்கு இறந்தோர் பூசை. பெரின்தான் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் விதவை