நான்காவது பெட்டி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன், மாடிப்படியில் பாதி ஏறினதும் மூச்சு நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர்தான் எழுதுகிறார், அழகுபடுத்தாமல் எழுத வேண்டும் என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நடுநடுவே நிறுத்தி, இதற்குச் சின்ன ர போடுவதா பெரிய ற போடுவதா என்று என்னிடமே கேட்கிறார், யாரிடம் கேட்கிறார் பார்.

இரும்புப் பாலம் வெள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததே, நம் தெருவுக்கு முதன்முதலாகக் குழாய் போட்டு, எல்லோரும் வாளியோடு நின்று வெறும் காற்றைப் பிடித்தோமே, அந்த வருஷம் அம்மாடி. உனக்கு ஆறு வயது நடந்தது. அந்த வருஷத்துப் படத்தைப் பற்றித்தான் நீ மூன்று வாரத்துக்கு முன் போனில் கேட்டாய். உன் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த நாரைக் கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டி, இதிலிருந்து வாழ்க்கைக்கு என்ன எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கப் போனாயாம். தாய் நாரை புயலில் விழுந்தது, அப்புறம் அது வரவேயில்லை, குஞ்சு தனியாகவே கடலைத் தாண்டிக் கூட்டத்தைப் பிடித்தது என்றாய். "அப்பா, நான் பாத்தப்ப அம்மா திரும்பி வந்துச்சே, நான் கனவா கண்டேன்?" என்றாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைனெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு நீ கூப்பிட்டாய், மூன்று ஞாயிறும் மணி அடித்து ஓய்கிறவரை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் காகிதம்.

நீ கனவு காணவில்லை. உன் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நீ சொல்ல வேண்டியிருக்கும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு படம் அப்போதெல்லாம் ஐந்தாறு பிலிம் பெட்டியாக வரும், ஒரே படத்தை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்கள். பெரிய தியேட்டரில் ஓடி முடிந்த பெட்டியை நான் சைக்கிளில் வைத்து நம் தியேட்டருக்குக் கொண்டு வருவேன். பெட்டி மேல் எழுதியிருக்கும் நம்பரை எனக்குப் படிக்கத் தெரியாது, படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது, முதலாளிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பெட்டியின் பிடியில் கயிறு கட்டி, முதல் பெட்டிக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி. நான் பார்த்துக்கொள்வேன், அவர் தடவிக்கொள்வார். நாலு வருஷம் ஒரு பிசகும் இல்லை. அன்றைக்குப் பேய்மழை. ஒரு நடை மிச்சமாகட்டும் என்று பெரிய தியேட்டரில் காத்திருந்து மூன்றையும் நான்கையும் சேர்த்துக் கட்டினேன். ரயில் கேட்டைத் தாண்டும்போது தண்டவாளப் பள்ளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தேன். முழங்கால் போனது போகட்டும், கயிறு இரண்டும் அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டது. வேறு கயிறு எடுத்தேன், எது மூன்று எது நான்கு என்று தெரியவில்லை. யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். கேட் ஓரம் குடையோடு ஒரு மனுஷன் நின்றுகொண்டுதான் இருந்தான். கேட்க வெட்கப்பட்டு, குத்துமதிப்பாக முடிச்சுப் போட்டேன். அம்மாடி, அவ்வளவுதான் நடந்தது, ஒரு வெட்கம்.

உள்ளே நீயும் அம்மாவும் இரண்டாவது வரிசையில் இருந்தீர்கள். நான் நனைந்தபடி கதவோரம் நின்று பார்க்கிறேன், தாய் நாரை கடலில் விழுகிறது, குஞ்சு கரையில் நின்று கத்துகிறது, நீ அம்மா மடியில் முகத்தைப் புதைத்து அழுகிறாய். அடுத்த பெட்டி மாட்டினதும் தாய் நாரை ஒன்றுமே நடக்காததுபோல் குஞ்சுக்கு இறகு கோதிவிடுகிறது. நீ எழுந்து நாற்காலி மேல் நின்று கை தட்டினாய். கடைசிப் பெட்டியில் குஞ்சு வளர்ந்து கூட்டத்தோடு பறக்கும்போது, "மூணாவதா பறக்குதே, அதான் அம்மா" என்று பின்வரிசைக்கெல்லாம் திரும்பித் திரும்பிக் காட்டினாய்.

உன் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும் என் முழங்காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மூணும் நாலும் பெட்டி மாறிப்போச்சு, பிள்ளைகிட்ட சொல்லிடட்டுமா என்றேன். "சொல்லாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் அவ அப்படியே நம்பிக்கிட்டு இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நாள் என்று ஏன் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வயிற்று வலிக்கு டாக்டரிடம் போய் வந்ததை அவள் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பாலத்தை நிமிர்த்தி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

எல்லோரும் அழுதபோது நீ அழவில்லை, அது உனக்கு நினைவிருக்கிறதோ என்னமோ. மூன்றாம் நாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அடுத்த பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாய். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் படம் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டது. பெரிய தியேட்டர் படிக்கட்டில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்றேன். மறுநாள் பஞ்சர் என்றேன். அப்புறம் அங்கே இன்னும் ஓடி முடியவில்லை என்றேன். நீ காற்றடிக்கும் பம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக் கொண்டு வந்து வாசலில் வைப்பாய். உன் அத்தை, என் கூடப்பிறந்தவள், விஷயம் தெரிந்து அடுப்படியிலிருந்தே திட்டுவாள், மகளுக்கு இப்படி ஆசை காட்டி மோசம் பண்ணுகிறாயே, நீ மனுஷன்தானா என்று. ஒரு நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நீ கேட்கவில்லை. நோட்டுக்கு அட்டை போட வேண்டும், பழுப்புத் தாள் வாங்கி வாங்க என்றாய். பம்பு மூலையில் சாத்தியிருந்தது. ஆறு வயதில் நீ அதை யார் உதவியும் இல்லாமல் தெரிந்துகொண்டாய், பக்கத்தில் நான் இருந்தும். பெட்டி மாறினதற்கு நான் இவ்வளவு அழவில்லை, அந்தப் பழுப்புத் தாளுக்குத்தான் இன்றைக்கும் அழுகிறேன்.

உன் கல்லூரிப் பிள்ளைகள் துணிச்சல், தன்னம்பிக்கை என்று எழுதிக் கொடுத்ததாக அன்றைக்குப் போனில் சொன்னாய். நல்லது, வயசு அப்படி. ஆனால் அந்தக் குஞ்சு கரையில் நின்று கத்துகிறதே, அந்த இடத்தை அவர்கள் அவசரமாகத் தாண்டாமல் பார்த்துக்கொள். கூட்டத்தில் இத்தனை பெரிய பறவைகள் இருந்தும் ஒன்றுகூட இறங்கி வந்து, உன் அம்மா இனி வரமாட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குஞ்சு பறந்துதான் இருக்கும், ஆனால் தனியாகப் பறந்திருக்காது. எனக்குப் படிப்பில்லை, படத்தில் நான் கண்டது இவ்வளவுதான்.

கோபம் இருந்தால் கோபமாகவே கூப்பிடு. இந்த ஞாயிறு முதல் மணிக்கே எடுக்கிறேன், நீ எதைக் கேட்டாலும் வைக்க மாட்டேன். பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீங்கள் மூவரும் நூறு வருஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், உன் தலையில் கை வைத்துச் சொல்கிறதாக நினைத்துக்கொள்.

பெட்டி மாறியது அந்தக் காலத்தில் தெரிந்தவர்கள் நாலு பேர். உன் அம்மா முதலில் போனாள். ஆப்பரேட்டர் அண்ணன் கடைசிவரை முடிச்சைத் தான்தான் தப்பாகத் தடவியதாகச் சொல்லி, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டே போனார். உன் அத்தை போய் இரண்டு வருஷம் ஆகிறது. மிச்சம் உயிரோடு இருப்பது,

பெட்டி சுமந்த உன் அப்பா.