வளையத்துக்கு முன்னால் விழுந்த இரண்டு பந்துகள்

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மகள் இப்போதுதான் தூங்கினாள். ரெண்டு வரி எழுதுவதும், போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

காலையில் இவர் போனில் அமெரிக்க பாஸ்கெட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேஆஃப் ஆட்டம். சீசன் முழுக்க மறிப்பதும் விழுந்த பந்தை எடுப்பதுமாகவே இருந்த ஒருவன், கடைசியில் ரெண்டு பந்தைத் தவறவிட்டான். "லீக்ல என்னத்த ஆடி என்ன, பிளேஆஃப்ல நிக்காதவன் வேஸ்ட்டு" என்றார் இவர், இட்லியைப் பிட்டபடி. சட்னி ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. கிட்டத்தட்ட இதையே நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றி.

நம் கல்லூரி அணியில் நான் கேப்டன். பாயின்ட் என் பெயரில் ஏறும், பேப்பரில் என் பெயர் வரும். என்னைத் துரத்தி வருகிறவளை நீ நெஞ்சு கொடுத்து மறிப்பாய். அந்த இடைவெளியில்தான் நான் பந்தைப் போடுவேன். நீ மறித்ததை எழுத ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாது. ஒருநாள் உன்னிடமே அதைச் சொல்லிக் கேலி செய்தேன். "நீ போயி போடு புள்ள. கூடை உன் சோலி, வழி என் சோலி" என்றாய். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாயின்ட்டில் உன் பங்கு என்றல்லவா நினைத்திருக்க வேண்டும்?

அரையிறுதிக்கு முந்தைய வாரம் எங்கள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க ஆள் கிடைக்கவில்லை. அப்பா தவித்தார். நான்தான் சிலமலையில் உன் வீட்டுக்கு வந்து உன்னையும் உன் அம்மாவையும் கூப்பிட்டேன். "மேட்ச் இருக்கேடி" என்று நீ இழுத்தாய். ரெண்டு நாள்தானே என்றேன். உன் அம்மா எங்கள் தோட்டத்து ஆள். உன்னால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ரெண்டு நாள் நாலு நாளானது. செடி செடியாகக் குத்தவைத்துக் காய் எடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம்தான் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கினாய்.

கடைசி நிமிடத்தில் உனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ரெண்டும் வளையத்தைத் தொடாமல் முன்னாலேயே விழுந்தன. முட்டியில் பலமில்லாவிட்டால் பந்து அப்படித்தான் விழும். பாஸ்கெட்பால் ஆடுகிற எவளுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

மறுநாள் கோச் சார் பல்கலைக்கழக அணிக்குப் பெயர் கேட்டார். அந்த சர்டிபிகேட் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதலாம் என்று நீ ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "பெரிய மேட்ச்ல நிக்காதவள எப்பிடி சார் அனுப்புறது?" என்றேன். அவர் லிஸ்ட்டில் இருந்த உன் பெயரை அடித்துவிட்டார். நான் தோட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோற்ற எரிச்சல் எனக்கு. அதைப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் நீ படிப்பை விட்டுத் திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டாய். நம்பரையும் மாற்றிவிட்டாய்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரகத்திதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்கிறார், "இவ அவசரத்துக்கு ஆக மாட்டா." அவள் பிறந்த இந்தப் பத்து மாதமாக நான் விழித்த ராத்திரிகளை யாரும் பேசுவதில்லை. எனக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றுகிறது. பிள்ளைக்கு வராமல் இருந்திருக்கலாம்.

உன் அம்மா இன்னும் எங்கள் தோட்டத்துக்குத்தான் வருகிறார். நான் அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "நல்லாருக்கியா ஆத்தா" என்று கேட்கிறார். நான் பதில் சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடுகிறேன். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். இந்த முறை நிற்பேன்.

சாரிடம் அப்படிச் சொன்னது நான்தான் என்று உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் போனாயா? மன்னிப்பு கேட்க எழுதவில்லை; கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. திட்டியே எழுது. ஆனால் சீக்கிரம் பதில் போடு.